பதினொரு வாரமும் பன்னிரண்டு ஆண்டும்

ஆட்டை அறுத்துத் துண்டு போடுகிற இடத்தில் ஓர் இறையியல் பேராசிரியருக்கு என்ன வேலை? மார்ட்டின் லூதருக்கு இருந்தது. கசாப்புக்காரர் ஒருவரைக் கொண்டு சில கிடாய்களை அறுக்கச் செய்து, வெளியே எடுக்கிற ஒவ்வொரு உறுப்புக்கும் அவர் என்ன பெயர் சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டார். இதை எழுதிவைத்தவர் யோஹானஸ் மத்தேசியுஸ். லூதரின் மாணவர், அவர் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர், பிற்காலத்தில் அவர் வாழ்க்கையைத் தொடர் சொற்பொழிவுகளாகச் சொன்னவர்.

காரணம் லேவியராகமம். பலியாடு பற்றிய பகுதிகளில் குடலை மூடியிருக்கும் கொழுப்பு, விலாவை ஒட்டியிருக்கும் கொழுப்பு, சிறுநீரகம், ஈரலின் மேலிருக்கும் சவ்வு என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கும். பல்கலைக்கழகத்துக்காரர்களுக்கு இவற்றின் லத்தீன் பெயர் தெரியும். ஜெர்மன் பெயர் கத்தி பிடித்தவருக்குத்தான் தெரியும். நம்மூரிலும் அதே கதைதான். பாடப்புத்தகத்தில் மண்ணீரல் என்று படித்துவிட்டுக் கறிக்கடையில் போய் அதையே கேட்டால் கடைக்காரர் விழிப்பார். சுவரொட்டி என்றால் உடனே எடுத்துப் போடுவார்.

சென்ற பகுதியில் லூதரை வோர்ம்ஸ் நகரில், பேரரசர் ஐந்தாம் சார்லஸின் முன்னால் நிறுத்தியிருந்தோம். 1521 ஏப்ரல். எழுதியதைத் திரும்பப் பெற மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஊர் திரும்புகிற வழியில், மே 4 அன்று, காட்டுப்பாதையில் குதிரைவீரர்கள் வண்டியை மறித்து அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். செத்தார் என்றே பலர் நம்பினார்கள். உண்மையில் அது அவருடைய சொந்த அரசரான சாக்ஸனியின் ஃபிரெடரிக் ஏற்பாடு செய்த நாடகம். ஐஸனாக் நகருக்கு மேலே, குன்றின் உச்சியில் இருக்கிற வார்ட்பர்க் கோட்டையில் அவரைக் கொண்டுபோய் ஒளித்துவைத்தார்கள். துறவியின் மொட்டைத் தலையில் முடி வளர்ந்தது, தாடி வளர்ந்தது. பெயர் யுங்கர் யோர்க் என்று மாறியது. அதாவது, ஜார்ஜ் என்னும் சின்னப் பிரபு. மே மாதக் கடைசியில் வெளியான பேரரசாணைப்படி அவர் சட்டப் பாதுகாப்பை இழந்தவர். அவருக்கு யாரும் இடமும் தரக்கூடாது, சோறும் தரக்கூடாது.

அந்த டிசம்பரில் வேஷத்தோடேயே, தம் பல்கலைக்கழகம் இருந்த விட்டன்பெர்க்குக்கு ஒரு ரகசியப் பயணம் போய்வந்தார். அங்கே நண்பர்கள், முக்கியமாக மெலாங்க்தோன், புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் கொண்டுவர வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். கோட்டைக்குத் திரும்பி உட்கார்ந்தவர் சுமார் பதினொரு வாரத்தில் இருபத்தேழு நூல்களையும் முடித்துவிட்டார். 1522 மார்ச் 1 அன்று கையெழுத்துப் பிரதியோடு கோட்டையை விட்டுக் கிளம்பினார்.

இந்தப் பதினொரு வாரம்தான் எல்லோருக்கும் தெரிந்த கதை. தனியறை, ஒற்றை மேசை, சாத்தான் மேல் மைக்கூட்டை வீசியதாக ஒரு கட்டுக்கதை, அந்தக் கதைக்குச் சாட்சியாகச் சுவரில் ஒரு மைக்கறை. பார்க்க வந்தவர்கள் நினைவுக்காகக் காரையைச் சுரண்டிக்கொண்டு போக, காவலர்கள் கறையை மறுபடி மறுபடி பூசிவைத்தார்கள். தனிமனிதச் சாதனை என்றால் நமக்கு ஓர் ஈர்ப்பு உண்டு, அதனால் கதை நிலைத்துவிட்டது. ஆனால் முழு விவிலியமும் ஜெர்மனில் அச்சாகி வந்தது 1534இல். நடுவில் பன்னிரண்டு ஆண்டுகள். அந்தப் பன்னிரண்டு ஆண்டில் மேசையைச் சுற்றி ஒரு கூட்டமே இருந்தது. என்னைக் கேட்டால் கதை அங்கேதான் இருக்கிறது.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைத் தள்ளிவிடுவோம். லூதருடையது முதல் ஜெர்மன் விவிலியம் இல்லை. ஸ்ட்ராஸ்பர்க்கில் யோஹான் மென்டலின் 1466இலேயே ஒன்றை அச்சிட்டுவிட்டார். லூதர் பிறக்கவே இன்னும் பதினேழு ஆண்டு இருந்தது. அதிலிருந்து லூதர் கைவைக்கும் வரை பதினெட்டு அச்சுப் பதிப்புகள் வந்திருந்தன. பதினான்கு தென்பகுதி ஜெர்மனில், நான்கு வடபகுதியின் தாழ்ஜெர்மனில். எல்லாவற்றுக்கும் மூலம் வுல்காத்தா, அதாவது நான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரோம் தொடங்கிவைத்த லத்தீன் விவிலியம். எபிரேயத்திலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் லத்தீனுக்கு வந்ததைத்தான் ஜெர்மனுக்கு மாற்றினார்கள், அதுவும் லத்தீன் வாக்கியத்தின் எலும்பு துருத்திக்கொண்டு தெரியும்படி. படித்தால் புரியும், காதில் ஓடாது.

மூலத்துக்குப் போக வேண்டுமென்றால் மூலம் கையில் இருக்க வேண்டும். கிரேக்கத்துக்கு வழி திறந்தவர் எராஸ்முஸ். பாஸல் நகரில் ஃப்ரோபன் அச்சகத்தில் 1516இல் அவர் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை வெளியிட்டார். அவசர வேலை. வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசிச் சில வசனங்கள் அவர் கையிலிருந்த கிரேக்க ஏட்டில் இல்லாமல் போக, லத்தீனிலிருந்து தானே கிரேக்கத்துக்கு மாற்றி ஒட்டிவிட்டார்! லூதர் பயன்படுத்தியது 1519இல் வந்த இரண்டாம் பதிப்பு.

எபிரேயத்தின் கதை வேறு. யோஹானஸ் ராய்க்லின் என்ற சட்ட அறிஞர் 1506இல் எபிரேய இலக்கணமும் அகராதியும் சேர்ந்த ஒரு நூலை எழுதி வெளியிட்டார். அவர் அந்த மொழியைக் கற்றது யூதர்களிடம். பேரரசரின் மருத்துவராக இருந்த யாக்கோபு லோவான்ஸ் ஓர் ஆசிரியர், ரோமில் ஒபதியா ஸ்ஃபோர்னோ இன்னொருவர். யூதர்களின் நூல்களையெல்லாம் கொளுத்த வேண்டும் என்று ஒரு கூட்டம் கிளம்பியபோது கூடாது என்று எழுதி, அதற்காகப் பல ஆண்டு வழக்கில் அலைந்தவரும் இதே ராய்க்லின்தான். அவருடைய உறவுக்காரப் பையன் ஒருவன் 1518இல், இருபத்தோரு வயதில், விட்டன்பெர்க் பல்கலைக்கழகத்துக்குக் கிரேக்கப் பேராசிரியராக வந்து சேர்ந்தான். குடும்பப் பெயரான ‘கறுப்பு மண்’ணைக் கிரேக்கத்தில் மாற்றி மெலாங்க்தோன் என்று வைத்துக்கொண்டவன். இனி மரியாதையாக அவர் என்றே சொல்வோம். லூதரின் கிரேக்கம் கொஞ்சம் சுமார். மெலாங்க்தோனின் கிரேக்கம் முதல்தரம்.

1522 வசந்தம் முழுக்க இருவரும் வார்ட்பர்க் கையெழுத்துப் பிரதியை வரிவரியாகத் திருத்தினார்கள். மெலாங்க்தோன் பழங்கால நாணயங்களின் மதிப்பைப் பற்றி வெளியூருக்குக் கடிதம் எழுதி விசாரித்தார். லூதர் அரசவைச் செயலாளரான ஸ்பாலட்டினுக்கு எழுதிய கடிதம் ஒன்று கிடைத்திருக்கிறது. சில சமயம் உங்களிடம் சொல் கேட்போம், எளிய சொல்லாகப் பார்த்துத் தாருங்கள், கோட்டையிலும் அரசவையிலும் புழங்குகிற சொல் வேண்டாம் என்பது அதன் சாரம். அதே கடிதத்தில் ஓர் உதவியும் கேட்கிறார். வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசியில் புதிய எருசலேமின் மதிலுக்குப் பன்னிரண்டு ரத்தினக் கற்கள் வருகின்றன. அவற்றின் பெயரும் நிறமும் தெரிய வேண்டும், முடிந்தால் அரண்மனைக் கற்களைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். சொல்லுக்கு அரண்மனை வேண்டாம், கல்லுக்கு அரண்மனை வேண்டும்!

செப்டம்பரில் புத்தகம் வந்தது. அச்சிட்டவர் மெல்கியோர் லோட்டர். பணம் போட்டவர்கள் ஓவியர் லூக்காஸ் க்ரானாக்கும் பொற்கொல்லர் கிறிஸ்தியான் டோரிங்கும். லைப்சிக் சந்தையைக் குறிவைத்து, வெளியே தெரியாமல் அடித்தார்கள். தலைப்புப் பக்கத்தில் ‘ஜெர்மன் புதிய ஏற்பாடு, விட்டன்பெர்க்’ என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. மொழிபெயர்த்தவர் பெயரோ அச்சகத்தின் பெயரோ ஆண்டோ கிடையாது. மூவாயிரம் படிகள் என்பது பொதுவான கணக்கு. மூன்றே மாதத்தில் தீர்ந்து, டிசம்பரில் அடுத்த பதிப்பு வந்தது.

இரண்டு பதிப்புக்கும் நடுவே ஒரு வேடிக்கை. வெளிப்படுத்தின விசேஷத்துக்கு க்ரானாக்கின் பட்டறை இருபத்தொரு மரச்செதுக்குப் படங்கள் செய்திருந்தது. அதில் பாபிலோனின் வேசிக்குத் தலையில் போப்பின் மூவடுக்கு மகுடம்! சாக்ஸனியின் இன்னொரு பாதியை ஆண்ட கோமகன் கேயார்க், லூதரின் தீராத எதிரி, இதைக் கண்டு கொதித்தார். டிசம்பர் பதிப்பில் மரக்கட்டையைச் செதுக்கி மகுடத்தின் மேலடுக்குகளை வெட்டிவிட்டார்கள். உற்றுப் பார்த்தால் வெட்டிய இடம் வெறுமையாகத் தெரியும்.

கேயார்க் தன் பகுதியில் புத்தகத்தைத் தடைசெய்தார். வாங்கியவர்கள் ஒப்படைத்தால் விலையைத் திருப்பித் தருவதாகவும் சொன்னார். ஒப்படைத்தவர்கள் சொற்பம். கடைசியில், தடையால் ஆகாததைப் போட்டியால் முடிப்போம் என்று ஹியரோனிமுஸ் எம்ஸரை ஒரு கத்தோலிக்க ஜெர்மன் புதிய ஏற்பாடு கொண்டுவரச் சொன்னார். 1527இல் அதுவும் வந்தது. எம்ஸர் செய்தது என்னவென்றால், லூதரின் மொழிபெயர்ப்பை எடுத்து, வுல்காத்தாவோடு ஒத்துப்பார்த்து ஆங்காங்கே திருத்தி, தன் பெயரைப் போட்டுக்கொண்டது. படங்களுக்குக்கூட க்ரானாக்கின் மரக்கட்டைகளையே வாங்கிப் போட்டார். என் புத்தகத்தை என் பெயரில் படித்தால் பாவம், எம்ஸர் பெயரில் படித்தால் புண்ணியமா என்று லூதர் பின்னாளில் கேலி செய்தார். இந்த ஒரு விஷயத்தில் அவர் கோபத்தை யாரும் குறைசொல்ல முடியாது.

தெற்கே வேறொரு சிக்கல். பாஸலில் ஆடம் பெட்ரி என்பவர் 1522 டிசம்பரிலேயே புத்தகத்தை மறு அச்சுப் போட்டுவிட்டார். அனுமதியெல்லாம் யார் கேட்டார்கள்? ஆனால் அவருடைய வாடிக்கையாளர்களுக்கு லூதரின் ஜெர்மன் பல இடங்களில் புரியவில்லை. உதடு என்பதற்கு லூதர் ‘லிப்பே’ என்று எழுதினார், தெற்கே அது ‘லெஃப்ஸே’. பானைக்கு லூதர் ‘டோப்ஃப்’ என்றார், அங்கே ‘ஹாஃபன்’. அடுத்த ஆண்டுப் பதிப்பில் பெட்ரி பின்னால் ஒரு சொற்பட்டியலைச் சேர்த்தார். ஜெர்மனிலிருந்து ஜெர்மனுக்கு அகராதி! இன்று ஜெர்மனி முழுக்க உதடு ‘லிப்பே’தான். லூதர் ஒரு மொழியை உருவாக்கினார் என்று சொல்வது மிகை. சாக்ஸனி அரசு அலுவலகங்கள் வடக்கும் தெற்கும் புரிந்துகொள்ளும்படி ஒரு நடுவழக்கை ஏற்கெனவே எழுதிவந்தன, அந்தப் பாதையில்தான் அவர் நடந்தார். ஆனால் அலுவலக மொழியில் வீட்டுச் சத்தத்தை ஏற்றியது அவர்.

எப்படி ஏற்றினார் என்பதை அவரே சொல்லியிருக்கிறார். 1530இல் கோபர்க் கோட்டையில் தங்கியிருந்தபோது மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு திறந்த கடிதம் எழுதினார். மொழிபெயர்ப்பாளர்கள் இன்றும் அதைத் தேடிப் படிக்கிறார்கள். வசவும் கழுதைப் பட்டங்களும் நிறைந்த கடிதம்தான், ஆனாலும் நடுநடுவே தொழில் ரகசியம் கொட்டிக்கிடக்கிறது. ஜெர்மன் எப்படிப் பேசுவது என்று லத்தீன் எழுத்துகளைப் போய்க் கேட்கக் கூடாது, வீட்டிலிருக்கும் தாயையும் தெருவில் விளையாடும் பிள்ளையையும் சந்தைக்கு வந்த ஆளையும் கேட்க வேண்டும், அவர்கள் வாயைப் பார்க்க வேண்டும் என்கிறார்.

அவர் காட்டுகிற உதாரணம் ஒன்று. தேவதூதன் மரியாளை வாழ்த்துகிற இடத்தில் லத்தீனில் ‘அருளால் நிறைந்தவள்’ என்று வரும். நிறைந்த என்றால் ஜெர்மன்காரனுக்குப் பீர் நிறைந்த பீப்பாயும் பணம் நிறைந்த பையும்தான் நினைவுக்கு வரும் என்று சொல்லி, ‘ஹோல்ட்ஸேலிகே’ என்று போட்டார். இனியவளே, அன்புக்குரியவளே என்ற தொனி. இன்னும் துணிந்திருந்தால் வெறும் ‘அன்பு மரியா’ என்றே எழுதியிருப்பேன் என்றும் சொல்கிறார். தமிழில் இந்தத் தொல்லை இல்லை. நமக்கு அருள் நிறையும், அழகு நிறையும், மனமும் நிறையும். ‘அருள் நிறைந்த’ என்று தமிழ்க் கத்தோலிக்கர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருவதில் யாருக்கும் பீப்பாய் நினைவு வந்ததில்லை.

பெரிய சண்டை ஒற்றைச் சொல்லுக்கு நடந்தது. ரோமருக்கு எழுதிய நிருபம், மூன்றாம் அதிகாரம். மனிதன் விசுவாசத்தினால் நீதிமானாகிறான் என்று பவுல் சொல்லுமிடத்தில் லூதர் ‘அலைன்’ என்ற சொல்லைச் சேர்த்தார். ‘மட்டும்’ என்று பொருள். கிரேக்கத்தில் அது இல்லை, லத்தீனிலும் இல்லை. மூலத்துக்குப் போகிறேன் என்று புறப்பட்டவர் மூலத்தில் இல்லாததைச் செருகிவிட்டார் என்று எதிரிகள் பிடித்துக்கொண்டார்கள். இல்லை என்று எனக்கும் தெரியும் என்றார் லூதர். ஒன்றை உண்டு என்றும் இன்னொன்றை இல்லை என்றும் சேர்த்துச் சொல்லும்போது ஜெர்மன் காதுக்கு ‘மட்டும்’ தேவைப்படுகிறது என்பது அவர் வாதம். குடியானவன் தானியம் மட்டும் கொண்டுவந்தான், பணம் கொண்டுவரவில்லை. தமிழில் நாமும் அந்த இடத்தில் ‘நெல்லுதான் கொண்டாந்தான், காசு கொண்டாரல’ என்போம். ‘தான்’ இல்லாமல் வாக்கியம் நிற்காது.

இலக்கணம் சரி. ஆனால் லூதரின் மொத்த இறையியலும் அந்த ஒரு ‘மட்டும்’ மீது உட்கார்ந்திருக்கிறது என்பதை மறந்துவிட முடியாது. கடிதத்தின் பிற்பகுதியில் அவரே அதை ஒப்புக்கொள்கிறார்: மொழிக்காக மட்டும் செய்யவில்லை, பவுலின் கருத்தே அதைக் கேட்கிறது என்று. இங்கே மொழிபெயர்ப்பாளர் போதகருக்கு வழிவிட்டுவிட்டார் என்பதுதான் என் அபிப்பிராயம்.

பழைய ஏற்பாட்டுக்கு வருவோம். 1523இல் மோசேயின் ஐந்து நூல்கள், 1524இல் வரலாற்று நூல்களும் யோபும் சங்கீதங்களும். அதுவரை வேகம். பிறகு தீர்க்கதரிசிகளிடம் வந்து வண்டி சிக்கிக்கொண்டது.

எபிரேயத்தின் சிரமம் என்ன என்று கேட்கலாம். பழைய எபிரேய எழுத்தில் மெய்கள்தாம் உண்டு. ப், ட், ம் என்று மட்டும் எழுதிவைத்தால் படமா, பாடமா, பீடமா என்று எப்படித் தெரியும்? மசோரெத் எனப்பட்ட யூத அறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு உயிர்க்குறிகளைப் புள்ளிகளாகச் சேர்த்தார்கள். 1494இல் பிரேஷியா நகரில் கெர்ஷோம் சொன்சினோ என்ற யூதர் புள்ளிகளோடு அச்சிட்ட எபிரேய விவிலியம்தான் லூதரிடம் இருந்தது. அவருடைய அந்தப் பிரதி பெர்லினில் இன்றும் பத்திரமாக இருக்கிறது. புள்ளிகள் இருந்தும் தீராத தொல்லை ஒன்று உண்டு. விவிலியம் முழுவதிலும் ஒரே ஒரு முறை வந்து மறைகிற சொற்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு வாக்கியமே கிடையாது. அப்படிப்பட்ட சொற்கள் யோபு நூலில் குவிந்து கிடக்கின்றன. லூதர், மெலாங்க்தோன், எபிரேயப் பேராசிரியர் ஔரோகல்லுஸ் மூவரும் சேர்ந்து உட்கார்ந்தும் சில சமயம் நான்கு நாளில் மூன்று வரி நகரவில்லையாம். நண்பர்கள் வந்து சொன்ன ஆறுதலைச் சகிக்காத யோபு எங்கள் மொழிபெயர்ப்பை அதைவிடச் சகிக்க மாட்டார் போலிருக்கிறது என்று லூதர் ஸ்பாலட்டினுக்கு எழுதினார்.

தீர்க்கதரிசிகளோடு மல்லுக்கட்டியபோது இன்னொரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் ஓர் உவமை வருகிறது. எபிரேயக் கவிகளை ஜெர்மனில் பேசவைப்பது, நாக்டிகால் பறவையைத் தன் இனிய பாட்டை விட்டுவிட்டுக் குயில்போலக் கூவச் சொல்வதுதான் என்கிறார். இதை அப்படியே தமிழில் வைத்தால் கவிழ்ந்துவிடும். அவர்கள் ஊர்க் குயில் ஒரே சத்தத்தைச் சலிக்கச் சலிக்கத் திரும்பச் சொல்லும் பறவை. நமக்கோ குயில்தான் பாடகி. லூதர் இங்கே வந்து எழுதியிருந்தால் காகம் என்று மாற்றியிருப்பார்.

இவர்கள் தடுமாறிக்கொண்டிருந்த நேரத்தில் முந்திக்கொண்டவர்கள் இரண்டு பேர். லுட்விக் ஹெட்ஸர், ஹான்ஸ் டெங்க். அரசுக்கும் வேண்டாதவர்கள், போப்புக்கும் வேண்டாதவர்கள், லூதருக்கும் வேண்டாதவர்கள். மறுஞானஸ்நானக்காரர்களோடு சேர்த்துப் பேசப்பட்டு, ஊர் ஊராகத் துரத்தப்பட்ட ஆட்கள். இவர்கள் வோர்ம்ஸில் உட்கார்ந்து தீர்க்கதரிசிகள் அனைவரையும் எபிரேயத்திலிருந்து நேராக ஜெர்மனுக்குக் கொண்டுவந்து 1527இல் பீட்டர் ஷோஃபர் அச்சகத்தில் வெளியிட்டுவிட்டார்கள். லூதரின் தீர்க்கதரிசிகள் முழுமையாவதற்கு ஐந்தாண்டு முன்பே! உள்ளூர் யூத அறிஞர்களின் உதவி அவர்களுக்குக் கிடைத்தது என்று லூதரே குற்றச்சாட்டாகச் சொன்னார். திறமையும் உழைப்பும் இருக்கிறது, ஆனால் கிறிஸ்துவை மதிக்காத யூதர்களின் கை அதில் இருக்கிறது என்பது அவர் தீர்ப்பு. அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு, புத்தகத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். டெங்க் அதே ஆண்டு இறுதியில் பாஸலில் கொள்ளைநோயில் இறந்தார். ஹெட்ஸரை 1529 பிப்ரவரியில் கான்ஸ்டன்ஸ் நகரில் தலையை வெட்டிக் கொன்றார்கள். விபசாரக் குற்றம் என்றது நீதிமன்றம். அவர்களுடைய புத்தகம் மட்டும் மறுபதிப்பு மேல் மறுபதிப்பாகப் போய்க்கொண்டிருந்தது.

சூரிக் நகரமும் முந்திக்கொண்டது. அங்கே சீர்திருத்தப் போதகர் ஸ்விங்லி 1525 முதல் தலைமைத் தேவாலயத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஒரே பகுதியை ஒருவர் லத்தீனில் படிப்பார், அடுத்தவர் எபிரேயத்தில் விளக்குவார், இன்னொருவர் கிரேக்கத்தில் ஒப்பிடுவார், கடைசியில் ஊர் மக்களுக்கு ஜெர்மனில் சொல்வார்கள். அந்தக் கூட்டுப் படிப்பிலிருந்து பிறந்த முழு விவிலியத்தை அச்சகர் ஃப்ரோஷவர் 1531இல் ஒரே தொகுதியாக அடித்து முடித்தார். புதிய ஏற்பாட்டுக்கு அடிப்படை லூதருடையது, தீர்க்கதரிசிகள் அவர்களுடைய சொந்த உழைப்பு. வடக்கே தாழ்ஜெர்மன் விவிலியமும், லூதரின் நண்பர் புகன்ஹாகன் மேற்பார்வையில், லூபெக்கில், லூதரின் முழு விவிலியத்துக்குச் சில மாதம் முன்னதாகவே வந்துவிட்டது.

1534இல் விட்டன்பெர்க்கில் ஹான்ஸ் லுஃப்ட் அச்சகத்திலிருந்து லூதரின் முழு விவிலியம் வெளிவந்தது. 117 வண்ணம் தீட்டத்தக்க மரச்செதுக்குப் படங்கள். கட்டாத தாள்களாக வாங்கினால் விலை இரண்டு குல்டனும் எட்டு குரோஷனும். வேலைக்காரப் பெண் வாங்கக்கூடிய விலை இல்லை. தேவாலயங்களும் நகர மன்றங்களும் வசதியுள்ள வீடுகளும் வாங்கின, மற்றவர்கள் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். இந்த விற்பனையில் லூதர் தமக்கென்று ஒரு காசும் வாங்கவில்லை. கள்ளப் பதிப்புக்காரர்கள் பிழையோடு அடித்துத் தள்ளியதுதான் அவரை வதைத்தது. 1524லேயே ஆட்டுக்குட்டி, ரோஜா என்று இரண்டு முத்திரைகளைப் புத்தகத்தில் போட்டு, இவை இருந்தால்தான் என் கையால் திருத்தியது என்று அறிவித்திருந்தார்.

அச்சாகிவிட்டதே என்று ஓய்ந்துவிடவில்லை. 1539 முதல் 1541 வரை நடந்த திருத்தக் கூட்டங்களை மத்தேசியுஸ் வர்ணிக்கிறார். வாரத்தில் ஒருமுறை, இரவுச் சாப்பாட்டுக்குச் சில மணி நேரம் முன்னால், லூதர் வீட்டில் கூடுவார்கள். லூதர் லத்தீன் விவிலியமும் தம் ஜெர்மன் விவிலியமும் எபிரேய மூலமும் வைத்துக்கொண்டு உட்காருவார். மெலாங்க்தோன் கிரேக்கத்தோடு வருவார். க்ரூசிகர் எபிரேயத்தோடு கல்தேய உரையையும் கொண்டுவருவார். புகன்ஹாகனுக்கு லத்தீன் பாடம் அத்துபடி. மற்றவர்கள் ரபிகளின் உரைகளைப் புரட்டிக்கொண்டு வருவார்கள். ஒரு வசனத்தை எடுத்துவைத்து, ஒவ்வொருவரிடமும் உங்கள் பங்குக்கு என்ன என்று லூதர் கேட்பார். கேயார்க் ரோரர் ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுப்பார். அந்தக் குறிப்புகளில் பாதி வாக்கியம் லத்தீன், மீதி ஜெர்மன். நம் கல்லூரிப் பேராசிரியர்கள் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசிக்கொள்வதைப் போலத்தான். மக்களுக்கான ஜெர்மனைத் தேடி உட்கார்ந்தவர்கள், தங்களுக்குள் பேசிக்கொண்டது இந்தக் கலவையில்!

அந்த மேசைக்கு ரபிகளின் உரைகள் வந்தன, ரபிகள் வரவில்லை. சொன்சினோ அச்சிட்ட மூலம், லோவான்ஸ் கற்பித்த இலக்கணம், இடைக்கால உரைகளின் வழியாக வந்துசேர்ந்த, ராஷி என்ற ரபியின் விளக்கம் எல்லாம் யூதர்கள் தந்தவை. அதே லூதர் 1543இல் யூதர்களின் ஜெபக்கூடங்களைக் கொளுத்தச் சொல்லியும் அவர்களுடைய நூல்களைப் பறிக்கச் சொல்லியும் ஒரு கொடிய நூலை எழுதினார். ராய்க்லின் எந்தத் தீயை அணைக்கப் பாடுபட்டாரோ அதையே மூட்டச் சொன்னார். அவருடைய மொழிபெயர்ப்பைப் புகழ்கிற எவரும் இதைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

1546 பிப்ரவரி 18 அன்று, பிறந்த ஊரான ஐஸ்லேபனில் லூதர் இறந்தார். அவர் காலத்தின் கடைசிப் பதிப்பு 1545இல் வந்தது. அடுத்த ஆண்டுப் பதிப்பில் ரோரர், கூட்டத்தில் முடிவான சில மாற்றங்களைச் சேர்க்க, லூதரின் எழுத்தில் கைவைத்துவிட்டாயா என்று அவர்மேல் பாய்ந்தார்கள். உயிரோடு இருந்தவரை ஒவ்வொரு பதிப்பிலும் திருத்திக்கொண்டே இருந்த மனிதரின் எழுத்து, இறந்த மறுநாளே தொடக்கூடாததாகிவிட்டது. பாவம், ரோரர் கடைசியில் ஊரைவிட்டே போனார்.

இந்தப் பிடிவாதம் எவ்வளவு ஆழமானது என்பது 1975இல் தெரிந்தது. விளக்கைக் கொளுத்தி எதனாலும் மூடிவைக்க மாட்டார்கள் என்று மத்தேயுவில் வருமே, அங்கே கிரேக்கச் சொல் ஒரு தானிய அளவைப் பாத்திரத்தைக் குறிக்கும். லூதர் தம் ஊர்ச் சந்தையில் தானியம் அளக்கும் ‘ஷெஃபல்’ என்ற பெயரைப் போட்டார். விளக்கை ஷெஃபலின் கீழ் வைக்காதே என்பது ஜெர்மனில் பழமொழியாகவே ஆகிவிட்டது. நாம் குடத்திலிட்ட விளக்கு என்பதுபோல. 1975இல் புதிய ஏற்பாட்டைத் திருத்தியவர்கள், ஷெஃபல் இன்று யாருக்குத் தெரியும், சந்தை ஆளைக் கேள் என்றவர் லூதர்தானே என்று நினைத்தோ என்னவோ, ‘ஐமர்’ என்று மாற்றினார்கள். அதாவது வாளி. நாடு முழுக்கச் சிரித்தார்கள். ‘வாளி ஏற்பாடு’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். 1984 திருத்தத்தில் வாளி போய் ஷெஃபல் திரும்பி வந்தது.

லூதரின் ஜெர்மனைப் படித்து வளர்ந்த போதகர் சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியதையும், புதிய ஏற்பாட்டை அவர் தமிழுக்குக் கொண்டுவந்த விதத்தையும் அடுத்த பகுதியில் பார்ப்போம். அதற்குள், வீட்டில் பழைய தமிழ் விவிலியம் இருப்பவர்கள் மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அந்த விளக்கின் மேல் இருப்பது மரக்கால்.

(தொடரும்)